மலாக்காவில் இரண்டு புள்ளி வெற்றி

என் தங்கை மகள் சீன மொழியில் கத்துவாள் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

மலாக்காவில் போய் இறங்கிய அன்று மாலையே, பெட்டியைக்கூட இறக்காமல், தங்கை கலைச்செல்வி என்னை ஒரு கூடைப்பந்து அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூரையில் ராட்சத மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீலச் சட்டை போட்ட பெண்கள் பயிற்சியில் இருந்தார்கள். நடுவில் ஒருத்தி நெட்டையாக, கறுப்பாக, எங்கள் குடும்பத்து மூக்கோடு நின்றாள். வீடியோவில் பார்த்துப் பழகிய தர்ஷினிதான். கையை உயர்த்தினேன். அவள் கவனிக்கவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, அரங்கம் அதிர, சீனத்தில் ஏதோ உத்தரவு போட்டாள். மற்ற நான்கு பெண்களும் உடனே இடம் மாறி நின்றார்கள்.

நான் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றேன்.

"என்னடி கலை, இவ சீனம் பேசுறா?"

"சீனப்பள்ளியில படிச்ச புள்ள வேற என்னக்கா பேசும்? டீம்ல முக்காவாசிப் பேரு சீனப் புள்ளைங்க லா," என்றாள் தங்கை, இதிலென்ன அதிசயம் என்பதுபோல. சின்ன வயதில் என்னோடு சண்டை போட்ட அதே குரல். ஆனால் இப்போது அதன் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் நான் தயாராக இல்லை.

நான் தேனியில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். கூடைப்பந்து நடுவராக மாநிலம் முழுக்கச் சுற்றி விசில் ஊதியவள். கலை கல்யாணமாகி மலேசியாவுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவள் மகள் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைவி. இது கடைசி வருடம். நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மோதும் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் இந்த முறை அவளுடைய சொந்த ஊரில் நடக்கிறது. "பெரியம்மா, நீங்க வந்தே ஆகணும். எங்க வீட்ல பாஸ்கெட்போல் புரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்," என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். கிளம்பிவிட்டேன்.

தங்கை வீடு பத்து பெரண்டாம் என்ற பகுதியில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. கலை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் மாணிக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். விடியுமுன்பே எழுந்து ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போய்விடுவார்.

அவரைப் பற்றிய ஒரு செய்திதான் முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது என்னை உலுக்கியது. மகள் இத்தனை வருடமாக ஆடுகிறாள். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

"ஒண்ணுகூடவா?" என்றேன்.

"அது சீனவங்க வெளாட்டு, அண்ணி. நமக்கு ஃபுட்போல்தான். அங்க போயி எவன் போட்டான், எதுக்கு விசில் அடிச்சான்னு தெரியாம முழிச்சிக்கிட்டு உக்காரணும். அதோட ஷிப்ட்டும் இருக்குதானே," என்றார் மாணிக்கம், கோபமே இல்லாமல்.

தர்ஷினி தலை நிமிரவில்லை. நெத்திலிச் சம்பலைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் தெருமுனை உணவகத்தில் ரொட்டி சானாய் தின்று பசியாறினோம். காலை உணவுக்கு இங்கே தமிழர்கள் சொல்லும் சொல் அதுதான், 'பசியாறுவது'. நம் பரோட்டாவின் தங்கை அந்த ரொட்டி. ஆனால் குருமா இல்லை, பருப்புச் சாறு. பரோட்டாவுக்குப் பருப்பா என்று நான் அதிர்ந்து பார்க்க, கலை அதற்குமேல் கொஞ்சம் சர்க்கரையும் தூவி என்னை முழுதாக முடித்துவைத்தாள்.

போட்டி நடக்கும் வளாகம் நகரத்துக்கு வெளியே, செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது. பாதி வழியில் கலையின் கார் புகைவிட்டு நின்றது. இருபுறமும் செம்பனை, மனித நடமாட்டமே இல்லை. செல்பேசியில் வாடகைக் கார் தேடினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது பழக்குலைகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னாக்கா, காடி அவுட்டா? ஏறுங்க லா. எங்க போறீங்க?"

முன்பக்கம் ஏறிக்கொண்டோம். பாஸ்கெட்போல் பார்க்கப் போகிறோம், எங்கள் பெண் ஆடுகிறாள் என்று கலை சொன்னதும் மனிதர் சாலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். லாரி வெள்ளைக் கோட்டைத் தாண்டியது.

"நம்ம பொண்ணா? சும்மா சொல்லாதீங்கக்கா."

"ரோட்டப் பாருங்க தம்பி!" என்று கத்தினேன்.

அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவராம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இப்போது தமிழர்கள் இரண்டு குடும்பம்தான், மற்றவர்கள் எல்லோரும் வங்கதேசத்துக்காரர்கள் என்றார். நான் நம்பாமல் பார்த்ததும், சாலையோரம் சைக்கிளில் போன ஒருவருக்கு வங்காள மொழியில் ஏதோ குரல் கொடுத்தார். அந்த ஆள் சிரித்துக் கையசைத்தார். மலாக்காவில் யார் வாயிலிருந்து எந்த மொழி வரும் என்று ஊகிப்பதை நான் அத்தோடு விட்டுவிட்டேன். வளாகத்து வாசலில், செம்பனைக் குலை லாரியிலிருந்து இரண்டு பெண்கள் குதித்து இறங்கியதைப் பார்த்த காவலாளி, நுழைவு அட்டையைக் கேட்கவே மறந்துபோனார்.

அரங்கத்தில் ஆட்ட அட்டவணையைப் பார்த்தேன். அணிகளை நான்கு நான்காகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் காலிறுதிக்கு. மூன்றாவதாக வந்தால் ஊருக்குப் போய்விட முடியாது. ஒன்பதாம் இடத்துக்கான சுற்றில் ஆட வேண்டும்.

எங்கள் பக்கம் இப்படி இல்லை. மண்டலப் போட்டியின் முதல் சுற்றில் தோற்றால் அவ்வளவுதான். இரண்டு நாள் ரயிலில் போய், ஒரே ஆட்டம் ஆடி, பெட்டியின் துணிகளை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்த பெண்களை நான் அழைத்துப் போயிருக்கிறேன். தோற்றவர்களுக்கும் இத்தனை ஆட்டமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று இரண்டு ஆட்டங்கள். தர்ஷினியின் நீல அணி முதலாவதைச் சுலபமாக ஜெயித்தது. இரண்டாவதில் பச்சை அணியிடம் ஆறு புள்ளியில் தோற்றது.

இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையில், என் பனியனில் இருந்த நடுவர் சின்னத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீனப் பெரியவர் எதிரே வந்து உட்கார்ந்தார். திரு. கோ. ஒருகாலத்தில் இதே போட்டியில் ஆடியவர், பிறகு பயிற்சியாளர், இப்போது போட்டியின் தொழில்நுட்பக் குழுவில் இருக்கிறார். ஆங்கிலத்தில் பேசினோம்; என் தமிழில் தருகிறேன்.

"எங்கள் காலத்தில் பல்கலைக்கழகங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவோம். யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்குக் கோப்பை. அரங்கம் ஏது? கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தளம். மழை வந்தால் ஆட்டம் நிற்கும். இந்த ஊரில் மழை எப்போது வராமல் இருந்தது? விரிவுரை மண்டபத்தில் பாய் விரித்துத் தூங்குவோம்."

"பெண்கள்?"

"அவர்களுக்குப் போட்டி வைத்தது ரொம்பத் தாமதமாக. முதல் முறை பல அணிகளில் ஐந்து பேர்கூடத் தேறவில்லை. வலைப்பந்து ஆடும் பெண்களைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது அல்லவா? அந்தப் பெண்கள் பந்தைப் பிடித்ததும் சிலை மாதிரி நின்றுவிடுவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை சிரிக்கவில்லை."

அவர் தே தாரேக்கை ஒரு மடக்குக் குடித்தார். நம்மூர்த் தேநீரை இன்னும் உயரத்திலிருந்து ஆற்றினால் அதுதான். பிறகு தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகின, எல்லோரும் எல்லோரோடும் ஆட நாள் போதவில்லை, அதனால்தான் பிரிவுகள் வந்தன என்றார்.

"பிரிவு வந்ததும் புதுத் தொல்லை. மூன்று அணிகள் சமமாக நின்றால் யாரை வெளியே அனுப்புவது? ஆரம்பத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். நான் பயிற்சியாளராக இருந்த அணி ஒரு முறை சீட்டில் தோற்றது. ஒரு தட்டுக்குள் இருந்த காகிதம் எங்களை வீட்டுக்கு அனுப்பியது! குழுவில் சேர்ந்ததும் நான்தான் கைதூக்கினேன், சீட்டு வேண்டாம், உலகத்தில் மற்ற இடங்களில் செய்வதுபோல் புள்ளி வித்தியாசம் பார்ப்போம் என்று. ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து விதியை எழுதினோம். அதன்பிறகு அதிர்ஷ்டத்தால் யாரும் வெளியே போனதில்லை," என்றார். அவர் முகத்தில் நியாயமான பெருமை இருந்தது.

அடுத்த நாள் ஆட்டமில்லை. மாலையில், பழுது பார்த்து வந்த காரில், கலை எல்லோரையும் உம்பாய்க்கு மீன் சாப்பிட அழைத்துப் போனாள். கடலோரம் வரிசையாகக் கடைகள். பனிக்கட்டியில் கிடக்கும் மீனை நாமே கைகாட்ட வேண்டும், மசாலா பூசி வாழையிலையில் சுட்டுத் தருகிறார்கள். நான் ஒரு திருக்கையைக் காட்டினேன். வந்த தட்டுக்கு இடம்விட, மேசையில் இருந்த எல்லாவற்றையும் ஓரம் தள்ள வேண்டியிருந்தது.

தர்ஷினிக்கு அன்று பசியில்லை. மறுநாள் மஞ்சள் அணியோடு கடைசிப் பிரிவு ஆட்டம். மஞ்சள் இதுவரை தோற்கவில்லை. பச்சையை மூன்று புள்ளியில் ஜெயித்திருந்தது. நீலம் ஜெயித்தால் நீலம், மஞ்சள், பச்சை மூன்றும் சமம். அப்போது மூன்றும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

"அஞ்சு பாயிண்ட்ல ஜெயிக்கணும் பெரியம்மா. அதுக்குக் கொறஞ்சா மஞ்சளும் பச்சையும் போயிருவாங்க, நாங்க அவுட். எங்க யூனி காலிறுதி பார்த்ததே இல்ல," என்றாள். பிறகு மீன்முள்ளைக் கிளறிக்கொண்டே சேர்த்தாள்: "அவங்க கேப்டன் யாருன்னு தெரியுமா? சியூ லிங்."

அந்தப் பெயரைக் கேட்டதும் கலையும் மாணிக்கமும் நிமிர்ந்தார்கள். சீனப்பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து தர்ஷினியோடு ஒரே மேசையில் உட்கார்ந்த பெண். எங்கள் வீட்டுத் தோசையைத் தின்று வளர்ந்தவள் என்றாள் கலை. தர்ஷினியை முதன்முதலில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போனவளும் அவள்தான்.

"லிங்கா? லிங்கும் ஆடுறாளா நாளைக்கு?" மாணிக்கம் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். "அப்ப நான் ஷிப்ட் மாத்திக்கிறேன். நானும் வர்றேன்."

தர்ஷினி அப்பாவைப் பார்த்த பார்வையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மீனைக் கிளறிக்கொண்டிருந்தவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆட்டத்தன்று மாணிக்கம் தீபாவளிச் சட்டை போட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர். நான் ஒவ்வொரு விசிலுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கால்பகுதியில் அவருக்கே பிடிபட ஆரம்பித்துவிட்டது. "ட்ராவலிங், அண்ணி! காலை வச்சிட்டா!" என்று நடுவருக்கு முன்பே எழுந்து நின்றார்.

நீலம் நான்கு, ஆறு என்று முன்னே போவதும் மஞ்சள் துரத்திப் பிடிப்பதுமாக ஆட்டம் நகர்ந்தது. கடைசியில் இருபது விநாடிக்கும் குறைவாக இருக்கும்போது நீலம் ஐம்பத்தாறு, மஞ்சள் ஐம்பத்துநான்கு. பந்து மஞ்சளிடம். கூடைக்குள் ஒரு பந்து போட்டால் சமன்.

சியூ லிங் பந்தைத் தட்டிக்கொண்டு பாதிக்கோட்டைத் தாண்டி வந்தாள். வந்து, நின்றுவிட்டாள்.

போடவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. நின்ற இடத்தில் பந்தைத் தட்டினாள். அவளைச் சுற்றி மஞ்சள் பெண்கள் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். இரண்டு புள்ளியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி, பந்து கையில் இருக்க, கடிகாரம் ஓடட்டும் என்று நிற்கிறது.

எனக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு கணக்குப் புரிந்தது. இரண்டு புள்ளியில் தோற்றால் மஞ்சளுக்குக் காலிறுதி. சமன் செய்தால் கூடுதல் நேரம். அதில் ஐந்து புள்ளியில் தோற்றால் வெளியே. அவர்களுக்குத் தோல்விதான் பாதுகாப்பு.

"ஏன் நிக்கிறா? லிங், போடும்மா!" என்று கத்தினார் மாணிக்கம். எதிரணிப் பெண்ணுக்காக.

கூட்டம் கூச்சல் போட்டது. கடிகாரத்தை நிறுத்த, தர்ஷினி ஓடிப்போய் வேண்டுமென்றே சியூ லிங்கின் கையைத் தட்டினாள். தவறு. இரண்டு இலவச எறிதல்கள். சியூ லிங் கோட்டில் நின்றாள். முதல் பந்தை வளையத்தின் முன்விளிம்பில் அடித்தாள். இரண்டாவதையும் அதே இடத்தில் அடித்தாள். அந்த வாரம் முழுக்க ஒரு இலவச எறிதலைக்கூடத் தவறவிடாத பெண்.

இரண்டாவது பந்து துள்ளி வந்தது. தர்ஷினி எம்பிப் பிடித்தாள். பிடித்த இடம் அவள் காக்க வேண்டிய கூடைக்கு நேர் கீழே. ஓரத்திலிருந்து நீல அணியின் பயிற்சியாளர் இரண்டு கைகளாலும் வளையத்தைக் காட்டி அலறினார். அவள் அவரைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பந்தைத் தன் சொந்தக் கூடைக்குள் போட்டாள்.

வலை அசைந்தது. தன் கூடையில் போட்டால் புள்ளி எதிரணிக்கு, ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, கூடுதல் நேரம். ஐந்து புள்ளியில் ஜெயிக்க இன்னொரு வாய்ப்பு. அதுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கணத்தில் என் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து மார்புக்குக் குறுக்கே வெட்டிப் பிரிந்தன. புள்ளி செல்லாது என்பதற்கான நடுவர் சைகை. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் அது செல்லாது, பந்து எதிரணிக்கு. விதி அப்படி. வருடக்கணக்கான பழக்கம், என் மூளைக்குச் சேதி போகுமுன்பே கைக்குப் போய்விட்டது. கீழே நடுவரின் விசில் அதற்குப் பிறகுதான் கேட்டது.

தர்ஷினி எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கைகளைப் பார்த்தாள்.

பந்து மஞ்சளுக்குப் போனது. அவர்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்தது. தோற்றவர்கள் குதித்தார்கள், ஒருத்தியைத் தவிர. ஜெயித்தவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலர்கள் மேசையில் திரு. கோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்களை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக மகளின் ஆட்டம் பார்க்க வந்த மனிதர்.

"அண்ணி, எம்மக ஜெயிச்சாளா, தோத்தாளா?"

நான் பலகையில் இருந்த எண்களைக் காட்டினேன்: ஐம்பத்தாறு, ஐம்பத்துநான்கு.

கலைக்கு வேறு கேள்வி இருந்தது. வாகன நிறுத்தத்துக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு வந்தவள், காரின் கதவைத் திறக்காமலே பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ரெஃப்ரீயே அப்ப இன்னும் கைகாட்டலே. நீ ஏன்க்கா காட்டினே? அவ உன்னைத்தானே பார்த்தா?"

"பழக்கம்டி. தானா வந்திருச்சு."

"அவ உன்னை அதுக்கா வரச் சொன்னா?"

தொழில்நுட்பக் குழு கூடி முடிவு சொல்லும்வரை அணி போகக்கூடாது என்று தர்ஷினியை உள்ளே நிறுத்தியிருந்தார்கள். காத்திருந்தோம். திரு. கோ வெளியே வந்து என்னிடம் சொன்னார்: ஆட்ட முடிவில் மாற்றமில்லை, இரண்டு பயிற்சியாளர்களுக்கும் கண்டனம். போகத் திரும்பியவர் நின்றார். "விதியை எழுதியபோது, சீட்டில் தோற்று அழுகிற ஒரு அணியை மனதில் வைத்து எழுதினோம். கணக்குப் போடுகிற அணியை நினைக்கவில்லை," என்றார். "சீட்டே குலுக்கியிருக்கலாம் போல."

வீட்டுக்கு வந்ததும் தர்ஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலை என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மஞ்சள் சட்டையைக்கூட மாற்றாமல் சியூ லிங் வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பை நிறையக் கோழிச்சோற்று உருண்டைகள்.

"ஆன்ட்டி," என்றாள் தமிழில். "தர்ஷி இருக்கா?"

தமிழ்! அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என் கணக்கில்.

கலை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "சாப்ட்டியா?" என்றாள் கடைசியில். அந்தப் பெண் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு அழுதுவிட்டாள். அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது யாரோ அவள்மேல் தண்ணீர் போத்தலை எறிந்திருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு தர்ஷினி கதவைத் திறந்தாள். இரண்டு பெண்களும் கூடத்தின் இரண்டு முனைகளில் நின்று சீனத்தில் பேசிக்கொண்டார்கள். முதலில் மெதுவாக, பிறகு ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கடைசியில் கத்தலாக. மாணிக்கம், கலை, நான் மூவரும் ஒன்றும் புரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். சட்டென்று நின்றது.

"என்னம்மா சொல்றா?" என்றார் மாணிக்கம்.

"கோச் போடாதேன்னு சொன்னாராம். போட்டிருந்தா டீமே அவளைக் கொன்னுருக்குமாம்," என்றாள் தர்ஷினி. "நீ ஏன் உன் கூடையில போட்டே, கேவலமா இல்லையான்னு என்னைக் கேக்கிறா. நீ ரெண்டு ஃப்ரீத்ரோ வேணும்னே விட்டியே, அது கேவலம் இல்லையான்னு நான் கேட்டேன்."

"அதுக்கு?"

"ரெண்டு பேருமே கேவலம்னு சொல்றா."

யாரும் சிரிக்கவில்லை. கலை தட்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டு பெண்களும் ஒரே பையிலிருந்து எடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, விசில் வர்றதுக்கு முன்னாடியே நீங்க கைகாட்டிட்டீங்க."

தட்டை வைத்துவிட்டேன். "ஆமாம்மா."

"பந்து உள்ள விழுந்த உடனே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. சரியா தப்பான்னு யாருகிட்டயாவது கேக்கணும்போல இருந்திச்சு. அதான் உங்களைப் பார்த்தேன்." கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். "நீங்க மட்டும் கைதட்டியிருந்தீங்கன்னா நான் இன்னைக்கு உங்ககூடப் பேசியிருக்கவே மாட்டேன்."

கலை சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தாள். அன்று அவள் எனக்குச் சொன்ன பதில் அதுதான்.

கடைசி ஆட்டம் மறுநாள் காலை. ஒன்பதாம் இடத்துக்கான சுற்று. பக்கத்து அரங்கம், விசிறி பாதி ஓடவில்லை, பார்வையாளர் வரிசையில் நானும் கலையும் இரண்டு துப்புரவுப் பெண்களும். காலிறுதிகள் பெரிய அரங்கத்தில் நடந்துகொண்டிருந்தன. அங்கிருந்து கைதட்டல் மட்டும் சுவர் வழியாக வந்தது. இந்த ஆட்டத்தில் தோற்றாலும் யாருக்கும் எதுவும் இல்லை, ஜெயித்தாலும் பெரிதாக இல்லை. இதற்கு இந்தப் பெண்கள் எப்படி ஓடப் போகிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஓடினார்கள். எதிரணி கிழக்கு மலேசியாவிலிருந்து வந்த பெண்கள். குள்ளமாக, மின்னல் மாதிரி. முதல் பத்து நிமிடத்தில் மூன்று பேர் தரையில் விழுந்து எழுந்தார்கள். தர்ஷினியின் முழங்கை கிழிந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரும்ப வந்தாள். அவள் சீனத்தில் கத்த, எதிரணித் தலைவி மலாயில் கத்த, இரண்டு அணிகளும் பந்துக்காக ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்தன.

இரண்டாம் பாதி தொடங்கும்போது பின்கதவு திறந்தது. மாணிக்கம். ஓட்டுநர் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு. இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களிடம் வரவில்லை. நீல அணியின் கூடைக்குப் பின்னால் இருந்த காலி வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தார். அங்கேதான் உட்கார்ந்திருந்தார் ஆட்டம் முடியும்வரை. யாரிடமும் எந்த விசிலுக்கும் விளக்கம் கேட்கவில்லை.

நீலம் ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, கடைசி விநாடியில், பந்து தர்ஷினியிடம் வந்தது. போட்டாள். வளையத்தைச் சுற்றியது. வெளியே விழுந்தது. மணி.

என் கைகள் மடியில் இறுகிக் கிடந்தன. எதிரணிப் பெண்கள் ஆர்ப்பரித்தார்கள். அவர்களுடைய தலைவி வந்து தர்ஷினியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். அவள் வியர்வையும் பிளாஸ்திரியுமாக அப்பா இருந்த வரிசைக்கு நடந்து போனாள். நானும் கலையும் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

"தோத்துட்டோம்பா," என்றாள்.

"தெரியும்," என்றார் மாணிக்கம், அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."